கட்டம் கட்டமாக வந்த ஊர்

போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் ஒரு மணி நேரம் காருக்குள் சிறையிருந்தேன்.

சீசன் களைகட்டிவிட்டது. சாரல் விடாமல் தூறுகிறது. ஐந்தருவி ரோட்டில் முன்னாலும் கார், பின்னாலும் கார்… எதுவும் நகரவில்லை. வண்டி ஓட்டியது என் மச்சினன் கணேசன். மனைவியின் தம்பி. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அருவியில் குளிக்க வந்தவன், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க போனில் மேப்பைத் திறந்தான். வட்டம் சுற்றியது. இன்னும் சுற்றியது.

“என்ன அத்தான் ஊரு இது? ஃபைவ்-ஜின்னு காட்டுது. ஒரு மேப் லோட் ஆக இவ்வளவு நேரமா?”

எவ்வளவு நேரம்? நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். பத்து விநாடி இருக்கும்!

அப்போது பின் சீட்டிலிருந்து ஒரு குரல். “பத்து செகண்டுக்கே இந்தக் குதி குதிக்கியே… ஒங்க அத்தான் அப்போ ஒரு கட்டைபோன் வச்சிருந்தாகல்லா, அதுக்கு இருந்த பொறுமை ஒனக்கு இல்லயேலே!”

குரலுக்குச் சொந்தக்காரர் என் மனைவி உலகம்மாள். தென்காசிக் கோயில் அம்மன் பெயர். ஊருக்குள் எல்லோருக்கும் உலகு.

நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் என் பொருள் ஒன்றை அவள் பாராட்டுவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எதைப் பாராட்டினாள் என்பது மறந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை எழுதி வைத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இந்த வாரப் பத்தி முழுக்க என் பெருமைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் போனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

சோப்புக்கட்டி அளவு உடம்பு. தீப்பெட்டி அளவு திரை. கீழே நம்பர் பட்டன்கள், அவற்றுக்கு மேலே நான்கு பக்கமும் அமுங்குகிற ஒரு பட்டன். மெனுவில் ஒரு சின்ன உலக உருண்டைப் படம் இருக்கும். அதை அழுத்தினால் இன்டர்நெட்! அந்த உருண்டைக்காகவே அதை வாங்கினேன். “இனிமே உலகம் உங்க கைக்குள்ள சார்” என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து அதை அப்படியே மனைவியிடம் சொன்னேன். “நான் எப்போ ஒங்க கைக்குள்ள இருந்தேன்?” என்று கேட்டாள்.

அதில் ஒரு வெப்சைட் பார்ப்பது என்பது சும்மா இல்லை. ‘எஸ்’ என்ற ஒரே ஓர் எழுத்து வேண்டுமென்றால் ஏழாம் நம்பர் பட்டனை நான்கு தடவை குத்த வேண்டும். ஒரு குத்து கூடிவிட்டால் எஸ் ஓடிப்போய் 7 வந்து நிற்கும். புள்ளி ஒன்றாம் பட்டனில் இருந்தது. சாய்வுக்கோடு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால், பக்கம் திறப்பதற்குள் இரண்டு விக்கெட் விழுந்திருக்கும்.

இன்னும் இரண்டு விசேஷங்கள். ஒன்று, நாம் இன்டர்நெட்டுக்குள் நுழைந்துவிட்டால் வெளியிலிருந்து யாரும் நம்மைக் கூப்பிட முடியாது. கூப்பிடுகிறவர்களிடம் ஓர் அம்மணி ‘தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்’ என்று சொல்லிவிடுவார். இரண்டு, அந்தப் போனுக்குத் தமிழ் தெரியாது. தமிழில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எழுத்துக்குப் பதிலாக வரிசையாகக் காலிக் கட்டங்கள். கட்டம், கட்டம், கட்டம்… நடுவில் நம்பர் ஏதாவது இருந்தால் அது மட்டும் நம்பராகத் தெரியும்.

“பொழுதன்னைக்கும் அந்தக் கட்டத்தைப் பாத்து என்னத்தப் படிக்கிய?” என்று உலகு கேட்பாள். அதுவும் போனில்தான் கேட்பாள். ஏனென்றால், அப்போது அவள் என்னுடன் இல்லை.

அவளுக்கு ஓர் அரசுத் துறையில் வேலை. எந்தத் துறை என்று கேட்காதீர்கள். அவள் ஓய்வு பெற இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. அவளுக்குப் போஸ்டிங் கிடைத்தது திருவண்ணாமலைப் பக்கம் ஒரு சின்ன ஊரில். நான் தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வீடு பக்கத்திலேயே இலஞ்சியில். எங்கள் மகளுக்கு ஐந்து வயது.

மகளுக்கு நான்தான் தலை பின்னிவிடுவேன். ஒரு சடை மேலே நிற்கும், ஒன்று கீழே தொங்கும். உலகு மாதம் இரண்டு தடவை பஸ் ஏறி வருவாள். ஞாயிறு சாயங்காலம் ஆனதும் மகள் தானாகவே எழுந்து போய், அம்மாவின் பையை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிடுவாள். அழ மாட்டாள். அடம்பிடிக்க மாட்டாள். பையை வைத்துவிட்டு டி.வி. பார்க்கப் போய்விடுவாள். அழுதிருந்தால்கூட நாங்கள் தாங்கியிருப்போம்… அவள் பழகிக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. அப்புறம் ஒருநாள் இடமாறுதல் கலந்தாய்வு என்று அறிவிப்பு வந்தது. சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். காலியிடப் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். டோக்கன் கூப்பிட்டதும் உள்ளே போய், வேண்டிய இடத்தின் வரிசை எண்ணைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் போட்டதுதான். அடுத்த மூன்று வருஷத்துக்கு மூச்சுவிட முடியாது. அந்த வருஷம் புதிதாகச் சில கிளை அலுவலகங்கள் வேறு திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு. எங்கெங்கே என்று யாருக்கும் தெரியாது.

அன்று நான் ஆபீசுக்கு லீவு. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். இருப்புக் கொள்ளவில்லை. மனசு சரியில்லை என்றால் தென்காசிக்காரன் என்ன செய்வான்? குற்றாலத்துக்குப் போய் அருவியில் தலையைக் கொடுப்பான். நானும் அதையே செய்தேன். மெயின் அருவியில் தலை மரத்துப்போகிற அளவுக்கு நின்றுவிட்டு, ஈரத் துண்டோடு பஜாருக்கு வந்தேன். அங்கே இசக்கி அண்ணாச்சி பழக்கடை. மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருப்பார். குளிக்கப் போகிறபோதெல்லாம் போனையும் சட்டையையும் அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவேன்.

சட்டையைப் போடுவதற்குள் போன் அடித்தது. உலகு.

“ஏங்க! குத்தாலம் கெடைச்சிருச்சி! குத்தாலமே கெடைச்சிருச்சி!”

எனக்குத் தலையிலிருந்து வழிந்தது அருவித் தண்ணியா, கண்ணீரா என்று தெரியவில்லை.

“எப்படிட்டி?”

“இங்கன ஒரு கிளார்க் இருக்காரு. எந்தப் பக்கம் வேணும்னு கேட்டாரு. குத்தாலத்துப் பக்கம் சார்ன்னேன். லிஸ்டப் பாத்துட்டு, குத்தாலமே இருக்கே மேடம், நாப்பத்தொண்ணாம் நம்பர்னுட்டாரு. கையில எழுதி வச்சிருக்கேன். உள்ள போயி சொல்லிரட்டா?”

“சொல்லு, சொல்லு! இதுக்குப்போயி கேட்டுக்கிட்டு நிக்கியே!”

போனை வைத்துவிட்டு இசக்கி அண்ணாச்சியைக் கட்டிப் பிடித்தேன். ஈரம் பட்டு அவர் நெளிந்தார்.

“அண்ணாச்சி, எம் பொண்டாட்டிக்குக் குத்தாலத்துக்கே மாறுதல்! இங்கனயே புது ஆபீஸ் தொறக்காவ!”

அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஒரு மங்குஸ்தானை எடுத்துத் துடைத்தபடி யோசித்தார்.

“இங்கனயா? எங்கனவே?”

“இங்கனதான் எங்கனயாவது…”

“புது ஆபீஸ்னா கட்டடம் பாக்க வருவாவல்லா? இந்த பஜார்ல லாட்ஜ் இருக்கு, எண்ணெய் தேய்க்க கடை இருக்கு, சத்திரம் இருக்கு. எனக்குத் தெரியாம இங்கன ஒரு பெட்டிக்கடை வராது வே. ஆபீஸ் வருதுன்னு ஒரு பய எங்கிட்ட சொல்லலியே?”

எனக்கு உச்சந்தலையில் இன்னொரு அருவி விழுந்தது.

இந்த இடத்தில் வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எழுதும்போது நாங்கள் ‘குற்றாலம்’ என்றுதான் எழுதுவோம். பேசும்போது அப்படிச் சொல்கிற ஆளை எங்கள் பக்கத்தில் பார்க்க முடியாது. ‘குத்தாலம்’தான். அந்த ‘ற்’றை நாங்கள் எப்போதோ அருவியில் கழுவி விட்டுவிட்டோம். சென்னைக்காரர்களோ எழுத்து சுத்தமாகக் ‘குற்றாலம்’ என்பார்கள். அப்படியானால், அந்தச் சென்னை கிளார்க் ‘குத்தாலம்’ என்று சொன்னது எந்த ஊரை?

எனக்குச் சட்டென்று ஒரு பழைய கவர் ஞாபகம் வந்தது. குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வக்கீல் நோட்டீசுக்கு விலாசம் எழுதினேன். வக்கீல் வாயால் சொன்னார், ‘குத்தாலம்’ என்று. நான் எங்கள் குற்றாலத்துக்கு அனுப்பினேன். ‘அப்படி யாரும் இல்லை’ என்று திரும்பி வந்தது. அப்புறம்தான் தெரியும்: மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், எழுதினாலும் படித்தாலும் கூப்பிட்டாலும் குத்தாலமே என்று இன்னோர் ஊர் இருக்கிறது! நல்ல ஊர். அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இலஞ்சியில் இருக்கிற எட்டு வயதுப் பெண்ணுக்குத் திருவண்ணாமலையும் ஒன்றுதான், அந்தக் குத்தாலமும் ஒன்றுதான்.

உலகுவைக் கூப்பிட்டேன்.

“உலகு, அது நம்ம குத்தாலமான்னு கேளு.”

“பின்ன எந்தக் குத்தாலம்?”

விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்.

“இப்பத்தான சொல்லு, சொல்லுன்னு குதிச்சிய? அந்த கிளார்க்கு உள்ள போயிட்டாரு. லிஸ்ட் ஒட்டுன சுவருகிட்ட ஒரே கூட்டம், தலை கூட நொழைய மாட்டேங்குது. எனக்கு முன்னால ஆறு பேருதான் இருக்காவ. உள்ள போனா போனை ஆஃப் பண்ணணும். நம்பரச் சொல்லி கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். அங்கன நின்னு யோசிக்க விட மாட்டாவ.”

“வேற எதாவது நம்ம பக்கத்துல இருந்தா?”

“எங்கன தேட? வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு பழைய எடத்துக்கே போக வேண்டியதுதான். இன்னும் மூணு வருசம்…”

“லிஸ்ட நெட்டுல போட்டிருக்காவளா?”

“காலையிலயே போட்டுட்டாவளாம். நம்பரெல்லாம் அதே வரிசைதானாம்.”

“செரி, நான் பாக்கேன். நீ வராண்டாலயே நில்லு.”

பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஓடினேன். உள்ளே இருட்டு. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் கரன்ட் போவது செய்தியே இல்லை, வருவதுதான் செய்தி. “எப்போ வரும்?” என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

திரும்பி ஓடி வந்தேன். சட்டைப் பையிலிருந்து கட்டைபோனை எடுத்தேன்.

குற்றாலத்தில் அப்போது டவர் கிடைப்பது என்பது நின்ற இடத்தைப் பொறுத்தது. “அந்தப் பழப்பெட்டி மேல ஏறும்வே, அங்கன ரெண்டு கோடு காட்டும்” என்றார் அண்ணாச்சி. ஏறினேன். சாரல் அடித்தது. அண்ணாச்சி குடையை விரித்துக்கொண்டு வந்தார். எனக்குப் பிடிக்கவில்லை, போனுக்குப் பிடித்தார்.

உலக உருண்டையை அழுத்தினேன். துறையின் வெப்சைட் பெயரைக் குத்த ஆரம்பித்தேன். மூன்று ‘டபிள்யூ’ வருவதற்கே ஒரு நிமிஷம் ஆனது. ஒரு இடத்தில் குத்து கூடி எஸ், 7 ஆனது. அழித்து, மறுபடி குத்தி… ஓகே. கீழே ஒரு கோடு எறும்பு போல ஊர்ந்தது. பாதியில் நின்று மெமரி இல்லை என்றது. பாட்டுகளை அழித்தேன். ரிங்டோன்களை அழித்தேன். எனக்குப் பிடித்த புல்லாங்குழல் ரிங்டோனையும் யோசிக்காமல் அழித்தேன். மறுபடியும் முதலிலிருந்து.

பக்கம் வந்தது. தமிழ்ப் பட்டியல். எல்லாம் கட்டம்!

“என்ன வே போட்டிருக்கு?” என்றார் அண்ணாச்சி, குடைக்குள் தலையை நீட்டி.

“கட்டம் அண்ணாச்சி.”

“ஜாதகமா?”

பதில் சொல்ல நேரமில்லை. கீழ்ப்பட்டனை அமுக்கிக்கொண்டே போனேன். ஒரு அமுக்கலுக்கு ஒரு வரி. வரிசை எண், கட்டங்கள், கட்டங்கள், கடைசியில் ஒரு நம்பர். என்ன நம்பர் அது? ஆறு இலக்கம்… பின்கோடு! ஒவ்வொரு ஆபீசின் விலாசமும் பின்கோடோடு போட்டிருந்தார்கள்.

வாசகர்களே, அந்தக் கணத்தில் நான் எப்படி உணர்ந்தேன் என்று சொல்லட்டுமா? அந்த வேலைக்கு உலகத்திலேயே பொருத்தமான ஆள் நான்தான் என்று உணர்ந்தேன். வருஷக்கணக்காக வக்கீல் நோட்டீஸ் கவர்களில் பின்கோடு எழுதி எழுதித் தேய்ந்த விரல் இது. ஊர்ப் பெயரை மறைத்துவிட்டு முதல் மூன்று எண்ணைச் சொன்னால் போதும், எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவேன். எனக்கு எழுத்தே தேவையில்லை!

நாற்பத்தொன்று. கட்டம், கட்டம், கட்டம்… 609.

மயிலாடுதுறைப் பக்கம். அந்தத் திரும்பி வந்த கவருக்குப் பிறகு நான் மறக்காத எண். சந்தேகமே இல்லை.

உடனே உலகுவைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேண்டாம் என்றால் என்ன? பழைய ஊர், பழைய பஸ், வாசலில் பை. எனக்கு ‘வேண்டாம்’ போதாது. எனக்கு 627 வேண்டும். பழைய திருநெல்வேலி மாவட்டம் முழுக்க, தென்காசி உட்பட, 627-தான். அதில் எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை, காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம்.

அமுக்கினேன். 605. 636. 613. 641. மறுபடி 613. ‘அடுத்த பக்கம்’ என்பது போல ஒரு கட்டவரிசை வந்தது. குத்துமதிப்பாக அழுத்தினேன். எறும்பு மறுபடி ஊர்ந்தது. இந்த நேரமெல்லாம் அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள், அம்மணி அவளிடம் எல்லைக்கு வெளியே என்று சொல்லிக்கொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். வெளியே வந்தால் பக்கம் போய்விடும். உள்ளேயே இருந்தால் டோக்கன் போய்விடும். என்ன செய்வீர்கள் நீங்கள்?

நான் இன்னும் ஒரு அமுக்கு, இன்னும் ஒரு அமுக்கு என்று போனேன். 606. 621. 638…

எண்பத்தேழு. கட்டம், கட்டம், கட்டம், 627–

அதோடு நின்றது. கனெக்‌ஷன் போயே போய்விட்டது. மீதி மூன்று எண் வரவே இல்லை.

பழப்பெட்டி மேல் நின்றபடியே உலகுவைக் கூப்பிட்டேன். ஒரே ரிங்கில் எடுத்தாள்.

“எங்க போய்த் தொலைஞ்சிய? ஏழு தடவ அடிச்சிட்டேன்! எனக்கு முன்னால ஒரே ஒரு ஆளுதான்!”

“நாப்பத்தொண்ணு வேண்டாம். அது கும்பகோணத்துப் பக்கம். எம்பத்தேழு கேளு. எம்பத்தேழு!”

“எம்பத்தேழா? அது எந்த ஊரு?”

“தெரியாது.”

“என்னது?”

“கட்டம் கட்டமா இருக்குட்டி. பின்கோடு ஆறு ரெண்டு ஏழு. நம்ம பின்கோடு. அதுக்கு மேல லோட் ஆகல.”

அந்தப் பக்கம் பின்னாலிருந்து யாரோ ஒரு டோக்கன் நம்பரைக் கூப்பிடுவது கேட்டது. “வச்சிருதேன்” என்றாள். போன் ஆஃப்.

பெட்டியிலிருந்து இறங்கினேன். அண்ணாச்சி ஒரு மங்குஸ்தானை உடைத்துக் கொடுத்தார். வாயில் வைத்தேன், ருசி தெரியவில்லை. ஒருவேளை நான் எண்ணைத் தவறாகப் பார்த்திருந்தால்? 621-ஐ 627 என்று படித்திருந்தால்? ஆசை கண்ணை மறைத்திருந்தால்? அண்ணாச்சி குடையை இப்போதுதான் எனக்குப் பிடித்தார்.

அரை மணி நேரம் கழித்து போன் அடித்தது.

எடுத்தேன். அழுகிறாளா, சிரிக்கிறாளா? இரண்டும்தான்.

“ஏங்க… உள்ள போயி எம்பத்தேழுன்னேன். அதே கிளார்க்குதான். என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. ‘ஷென்கோட்டாவா மேடம்?’ன்னாரு.”

“ஷென்கோட்டாவா?”

“அவரு கையில இருக்க இங்கிலீஷ் லிஸ்டுல வெள்ளக்காரன் வச்ச ஸ்பெல்லிங்ல போட்டிருக்காவ. காலையிலருந்து அத ரெண்டு தடவ சத்தமா வாசிச்சாரு, நானும் கேட்டேன். வேலூர்ப் பக்கம் ஏதோ கோட்டை போலன்னு விட்டுட்டேன்!”

எங்கள் செங்கோட்டை! இலஞ்சியிலிருந்து பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட்டை மடிப்பதற்குள் வந்துவிடுகிற செங்கோட்டை! புது ஆபீஸ் அங்கேதான் வந்திருக்கிறது. கண்ணால் பார்த்திருந்தால் ஒரு நொடியில் பிடித்திருப்பாள். காதால் கேட்டதால் வந்த வினை. குத்தாலத்தைக் காது சேர்த்துக்கொண்டது, செங்கோட்டையைக் காது தள்ளிவிட்டது.

“அந்த கிளார்க்குக்கு என் மேல ஒரே எரக்கம்ங்க. ‘அது எங்கயோ கேரளா பார்டர்ல இருக்கு மேடம், யாருமே எடுக்க மாட்டேங்கறாங்க, குழந்தைய வச்சுக்கிட்டு கஷ்டப்படுவீங்க, நல்லா யோசிச்சுக்கங்க’ன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு, ‘பரவால்ல சார், சமாளிச்சுக்கிடுதேன்’னு கையெழுத்துப் போட்டுட்டேன்!”

நான் கத்திய கத்தலில் பஜாரில் பாதிப்பேர் திரும்பினார்கள். இசக்கி அண்ணாச்சி அதற்கு மேல் கத்தினார். “செங்கோட்டையா! நடந்தே போயிரலாமேவே!” பக்கத்துக் கடை, எதிர்க் கடை, எண்ணெய்க் கடை என்று எல்லோருக்கும் சொன்னார். குளித்துவிட்டு வந்த யாரோ ஒரு வெளியூர்க் குடும்பத்துக்கும் சொன்னார். அவர்கள் காரணம் தெரியாமலே எனக்குக் கை கொடுத்தார்கள்.

போனை அவரிடம் மறுபடி ஒப்படைத்துவிட்டு நேராக அருவிக்குப் போனேன். அன்றைக்கு இரண்டாவது குளியல். ஜெயித்த மனுஷன் மேல் விழும்போது அருவி வலிப்பதில்லை. அதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

உலகு செங்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த வாரம். ஞாயிறு சாயங்காலம். மகள் வழக்கம்போல எழுந்துபோய் அம்மாவின் பையை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள். உலகு பையை எடுத்தாள். அதற்குள் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்து பீரோவில் அடுக்கினாள். காலிப் பையைப் பரண் மேல் எறிந்தாள். மகள் கொஞ்ச நேரம் பரணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒரு அழுகை அழுதாள் பாருங்கள்… மூன்று வருஷ அழுகை. நாங்கள் இரண்டு பேரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் இரண்டு சடையும் ஒரே உயரத்தில் இருந்தன.

இதையெல்லாம் நான் காரில் சொல்லி முடித்தபோது கணேசனின் மேப் எப்போதோ வந்து சேர்ந்திருந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை.

இப்போதைய போன்கள் எல்லாவற்றையும் காட்டிவிடுகின்றன. எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர், வாசல் எந்தப் பக்கம், உள்ளே போனவர்கள் எத்தனை ஸ்டார் கொடுத்தார்கள்… நாம் செய்ய எதுவும் மிச்சம் வைப்பதில்லை. என் கட்டைபோன் மூன்றே மூன்று எண்ணைக் கொடுத்துவிட்டு, மீதியை நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டது. மீதியைப் பார்த்துக்கொண்டவன் நான். இதைக் கணேசனிடமும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

“செம அத்தான்!” என்றான். “மூணு நம்பரை வச்சு ஒரு ஊரையே பிடிச்சிட்டீங்க.”

“போன் பெரிசில்ல மாப்ள. பார்க்கத் தெரியணும்” என்று மீசையை ஒதுக்கிக்கொண்டேன்.

பின் சீட்டிலிருந்து மறுபடியும் அந்தக் குரல். இந்தத் தடவை அதில் கேலி இல்லை.

“ஆமா. இவுக நம்பரப் பாத்தாக. நான் ஊர் பேரே தெரியாம, இவுகள நம்பி, மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். இதுல எது கஷ்டம்னு கேட்டுச் சொல்லுலே.”

கணேசன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்… ஒரு வாரமாயிற்று, இன்னும் லோட் ஆகவில்லை.